கைக்குட்டையைக் கீழே வையுங்கள், தம்பி

மதுரையிலிருந்து கோத்தகிரிக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம் ஆன வங்கி ஊழியர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஐந்து வருடம் மதுரையில் இருந்தபோது கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இங்கே ஒரு மழைக்காலம் முடிவதற்குள் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 70-300 ஜூம் லென்ஸின் உள்ளே வெள்ளை நூல் மாதிரி ஏதோ தெரிகிறது. குன்னூர் ஸ்டேஷனில் நீராவி எஞ்சினைப் படமெடுத்த நாளிலிருந்து முன் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகக் கறை வேறு. கைக்குட்டையால் துடைத்தால் பரவுகிறதே தவிரப் போகவில்லை. சானிடைசர் போடலாமா, பற்பசை நல்லது என்கிறார்களே, வெயிலில் வைத்தால் பூஞ்சை போகுமா, வாரம் எத்தனை முறை சுத்தம் செய்யவேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். வாரம் ஒருமுறையெல்லாம் வேண்டாம். கண்ணாடியைத் தொட்டுத் துடைப்பது வருடத்துக்கு நாலைந்து தடவை நடந்தாலே அதிகம். ஆனால் ஈரம் போகக் காயவைப்பதைத் தினமும் செய்யுங்கள். மலைக்கு வரும் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தினமும் துடைத்துவிட்டு, ஈரப் பைக்குள் மூடி வைக்கிறார்கள்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு லென்ஸின் சாவு. ஊட்டியில் ஒரு ஸ்டுடியோவில் உதவியாளாகச் சேர்ந்த புதிது. ஜனவரி விடியற்காலை, தலைகுந்தா பக்கம் புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியது போல் உறைபனி. தரையோடு படுத்துப் படமெடுத்ததில் லென்ஸில் மண்ணும் ஈரமும் ஒட்டிக்கொண்டன. கழுத்திலிருந்த மஃப்ளர் நுனியால் இரண்டு சுற்றுத் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது, எனக்கும் திருப்தி. சாயந்திரம் முதலாளி அதை மேசை விளக்குக்குக் கீழே பிடித்தார். நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. கொஞ்சம் சாய்த்ததும், எவர்சில்வர் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்தால் விழுமே, அதே மாதிரி வட்ட வட்டமாக முடிக்கோடுகள். “தூசிய நீ எடுக்கலடா. தூசிய வச்சுக் கண்ணாடிய எடுத்திருக்க” என்றார். அதற்குமேல் திட்டவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

அவர் சொன்னதுதான் முழு விஷயமும். மண்ணிலும் தூசியிலும் கலந்திருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ் துகள். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அது 7. லென்ஸ் கண்ணாடி 5, 6 என்ற அளவில்தான் நிற்கும். ஆக, துணி எவ்வளவு மெதுவானதாக இருந்தாலும் பயனில்லை. துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு துகள் மாட்டினால் உப்புத்தாள் போட்டு இழுத்த கதைதான்.

அந்தக் கண்ணாடிக்கு மேலே ஒரு பூச்சும் இருக்கிறது. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிப் போய்விடும். உங்கள் 70-300 மாதிரி ஜூமில் காற்றைத் தொடும் பரப்புகள் இருபதுக்குப் பக்கத்தில் இருக்கும். பூச்சு இல்லையென்றால் உள்ளே நுழைந்த ஒளியில் பாதிகூடப் படத்தைப் பதியும் சென்சாரை எட்டாது; மிச்சம் உள்ளுக்குள்ளேயே அலைந்து படத்தை வெளிறவைக்கும். 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மகுலா என்பவர் வெற்றிடத்தில் ஆவியாக்கி மெல்லிய படலம் படியவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். மக்னீசியம் ஃபுளோரைடு ஒற்றைப் பூச்சென்றால் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இப்போது பல அடுக்குப் பூச்சுகள் வந்துவிட்டன. லென்ஸைச் சாய்த்தால் பச்சையும் ஊதாவுமாகத் தெரிவது அதுதான். அந்த நிறத்தைக் கறை என்று நினைத்துத் தேய்த்தவரையும் பார்த்திருக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தப் பூச்சு யோசனைக்கே ஒரு மூலம் அழுக்கான லென்ஸ்தான். 1890-களில் இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் என்ற லென்ஸ் வடிவமைப்பாளர், காலப்போக்கில் மேல்பரப்பு நிறம் மாறிய பழைய லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியைக் கடத்துகின்றன என்று கவனித்தார். அதேபோல் லென்ஸில் நாலு தூசி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பதறவேண்டாம். முன் கண்ணாடியிலுள்ள தூசி ஃபோகஸுக்கு வெகு தூரத்தில் இருக்கிறது, அது படத்தில் உருவமாக விழாது. சூரியனை எதிரே வைத்து எடுக்கும்போதும், அகலக் கோண லென்ஸில் எஃப் 16 மாதிரி சின்னத் துவாரம் வைக்கும்போதும்தான் கொஞ்சம் தொந்தரவு. நான் மஃப்ளரால் தேய்த்த அந்த லென்ஸ்கூட வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் ஒழுங்காகத்தான் படமெடுத்தது. எதிர்வெயிலில் மட்டும் பால் ஊற்றியது போல் ஆகிவிடும்.

சரி, துடைத்தே ஆகவேண்டிய நாளுக்கு வருவோம்.

முதலில் கைபேசி டார்ச்சைச் சாய்வாக அடித்து, என்ன இருக்கிறது என்று பாருங்கள். தூசியா, விரல் பட்ட எண்ணெயா, காய்ந்த நீர்ப்புள்ளியா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. அப்புறம் லென்ஸைத் தலைகீழாக, கண்ணாடி தரையைப் பார்க்கும்படி பிடித்து, ரப்பர் ஊதியால் கீழிருந்து ஊதுங்கள். கேமரா கடையில் ‘புளோயர்’ என்று கேட்டால் தருவார்கள். பந்து மாதிரி பெரிதாக இருப்பதை வாங்குங்கள், காற்று பலமாக வரும். கிளம்பிய தூசி கீழே விழவேண்டும், அதற்காகத்தான் தலைகீழ். ஊதியை முதலில் வெறுங்காற்றில் இரண்டு முறை அழுத்திவிட்டு ஆரம்பியுங்கள், பைக்குள் கிடந்த தூசியை அதுவே உறிஞ்சி வைத்திருக்கும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். டப்பாவில் அடைத்த காற்றும் எனக்குப் பிடிக்காது. கொஞ்சம் சாய்ந்தாலே உள்ளேயிருக்கும் திரவம் சில்லென்று பீய்ச்சிக் கறை வைத்துவிடும்.

பத்தில் எட்டு முறை இதோடு வேலை முடிந்துவிடும். அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஒட்டிக்கொண்டு அசையாத தூசிக்கு மெல்லிய பிரஷ். லென்ஸுக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள், முடியை விரலால் நீவிப் பார்க்காதீர்கள். விரலின் எண்ணெய் பிரஷ் வழியாகக் கண்ணாடிக்கு வந்து சேரும். தேயிலைத் தொழிற்சாலைக்குள் படமெடுக்கப் போனால் பிரஷ் நிச்சயம் வேலைக்கு ஆகும். சலிக்கிற இடத்தில் பறக்கும் பஞ்சு போன்ற நார்த்தூள் லென்ஸ், சட்டை, புருவம் என்று ஒரு இடம் விடாது.

அதற்கும் போகாத கறைக்குத்தான் திரவம். இங்கேதான் உங்கள் ரயில் எஞ்சின் வருகிறது. நீராவி எஞ்சின் பக்கத்தில் நின்றால் லென்ஸில் விழுவது வெறும் தண்ணீர் அல்ல. எண்ணெய்த் துளி, கரித்துகள், கொதிகலன் தண்ணீரில் கரைந்திருந்த உப்புகள் எல்லாம் கலந்த ஒரு ரசம். தண்ணீர் ஆவியாகிப் போய்விட, உப்பு வட்டமாகத் தங்கும், அதன்மேல் எண்ணெய் பரவி நிற்கும். உப்பு தண்ணீரில் கரையும், ஆல்கஹாலில் கரையாது. எண்ணெய் ஆல்கஹாலுக்கு மசியும், தண்ணீருக்கு மசியாது. ஒன்றை மட்டும் போட்டுத் தேய்த்தால் மற்றது இழுபட்டுக்கொண்டே இருக்கும். உங்களுக்குப் பரவியதற்குக் காரணம் இதுதான்.

எனவே முதலில் நன்றாக ஊதி, பிரஷ் போட்டுக் கரித்துகளை எடுத்துவிடுங்கள். பிறகு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியின் மூலையில் காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு சொட்டு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் போதும். அமிலம் கலந்தது வேண்டாம். அதைக் கறைமேல் வைத்து, அழுத்தாமல், உப்பு ஊறும்வரை சில நொடி பொறுங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுருளாக ஒரே ஒரு சுற்று. துணியைத் திருப்பிப் புதுப் பக்கத்தால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். அடுத்த சுற்றுக்கு வேறொரு துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு, அல்லது நல்ல லென்ஸ் திரவம். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் 99 சதவீதம் கிடைக்கும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் வேறு சரக்குகள் கலந்திருக்கும், காய்ந்தபின் திரை விடும். ஐ.பி.ஏ. சட்டென்று தீப்பிடிக்கும். குளிருக்குக் கரி அடுப்பு மூட்டி வைத்திருக்கும் அறையில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

எந்தத் திரவமானாலும் துணியில்தான் விடவேண்டும், கண்ணாடியில் நேராக விடக்கூடாது. முன் கண்ணாடியைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் இருக்கிறதல்லவா, அந்த இடுக்கில் ஒரு துளி போனால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல் உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் அதை வெளியே எடுக்க லென்ஸைப் பிரிக்கவேண்டியதுதான்.

சானிடைசரில் கை வறளாமலிருக்கக் கிளிசரின் சேர்ப்பார்கள், அது கண்ணாடியில் பிசுபிசுப்பாகத் தங்கிவிடும். பற்பசை என்பதே தேய்க்கும் பொடி கலந்த பசை. அதைச் சொன்ன நண்பரிடம் உங்கள் லென்ஸைக் கொடுக்காதீர்கள். ஜன்னல் கண்ணாடித் திரவம், அசிட்டோன், மண்ணெண்ணெய் மூன்றும் கிட்டேயே வரக்கூடாது.

இப்போது கைக்குட்டை. மலைக்காரர்களிடம் ஒரு விசேஷக் கெட்ட பழக்கம் இருக்கிறது, எனக்கும் இருந்தது. சளிக்கு நீலகிரித் தைலத்தைக் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு முகர்ந்துகொண்டே இருப்போம். அதே கைக்குட்டையால் லென்ஸைத் துடைத்தால் கண்ணாடி முழுக்க வானவில் மாதிரி ஒரு எண்ணெய்ப் படலம். ஒருமுறை ஒருவர் தன் லென்ஸ் ‘மங்கிப்போய்விட்டது’ என்று கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் தைல வாசம் குப்பென்று அடித்தது. ஐ.பி.ஏ. ஒரு சொட்டில் சரியாகிவிட்டது. மைக்ரோஃபைபர் துணியையும் பாக்கெட்டில் சில்லறையோடு போட்டு வைத்தால் அதுவும் கைக்குட்டைதான். சின்ன ஜிப் கவருக்குள் வையுங்கள். துவைக்கும்போது வாசனையூட்டி மென்மையாக்கும் திரவம் போடாதீர்கள், துணி மெழுகாகிவிடும்.

பின் கண்ணாடியை யாரும் கவனிப்பதில்லை. சென்சாருக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே பட்ட விரல் ரேகை முன்பக்கக் கீறலைவிட அதிகம் கெடுக்கும். அதே முறைதான், இன்னும் மெதுவாக. கேமராவுக்குள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஒன்று வைத்த டி.எஸ்.எல்.ஆர். என்றால் அந்தக் கண்ணாடியைத் தொடவே வேண்டாம். வீட்டுக் கண்ணாடி மாதிரி ரசம் பின்னால் இல்லை, முன்பக்கத்திலேயே பூசியிருக்கிறது. ஊதியோடு நிறுத்துங்கள். சென்சாரைத் துடைப்பது தனி வித்தை, அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளவேண்டாம்.

இனி நம் ஊரின் உண்மையான எதிரி, ஈரம். ஊட்டியில் இந்து நகர் இருக்கிறது அல்லவா, ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையின் ‘இந்து’ ஃபிலிமின் பெயர்தான் அது. 1960-இல் தொடங்கிய நிறுவனம், 1967-இல் உற்பத்தி ஆரம்பித்தது. தூசி குறைந்த குளிர்ந்த மலைக்காற்று ஃபிலிம் தயாரிப்புக்குத் தோதானது. இப்போது அந்தத் தொழிற்சாலை இல்லை, காற்று அப்படியேதான் இருக்கிறது. மதுரையோடு ஒப்பிட்டால் இங்கே தூசி ஒரு பொருட்டே இல்லை. பிரச்சினை ஈரம். கூடலூர், அவலாஞ்சி பக்கத்தைத் தென்மேற்குப் பருவமழை நனைக்கும். கோத்தகிரி, குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. மழை நின்றாலும் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து போகும். பீரோவில் எடுத்து வைத்த கறுப்புச் செருப்பில் வெள்ளைப் பூ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அதே பூஞ்சைக் குடும்பம்தான் லென்ஸுக்குள்ளும் குடியேறுவது.

பூஞ்சை வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன, உங்கள் லென்ஸுக்குள் மதுரையிலேயே போயிருக்கும். ஈரப்பதம் 60, 70 சதவீதத்துக்கு மேலே நாள்கணக்கில் நின்றால் முளைக்கும். சாப்பாட்டுக்குத் தூசி, விரல் எண்ணெய், லென்ஸுக்குள்ளிருக்கும் மசகு போதும். ஓரத்திலிருந்து கிளை கிளையாக, சிலந்தி வலை மாதிரி நூல் ஓடினால் அது பூஞ்சை. வெறும் புகை மாதிரி இருந்தால் மசகு ஆவியாகிப் படிந்திருக்கலாம். பூஞ்சை வெளியேற்றும் அமிலம் பூச்சையும், நாளானால் கண்ணாடியையும் அரிக்கும். அரித்தபின் பூஞ்சையைத் துடைத்தாலும் அதன் கோலம் அப்படியே நிற்கும். அதனால் இதில் மட்டும் தாமதிக்கக்கூடாது.

வெயிலில் வைப்பது பழைய வைத்தியம். வெயிலில் பூஞ்சையைக் கொல்லும் புற ஊதாக் கதிர்களின் பெரும்பகுதியைக் கண்ணாடியே தடுத்துவிடும். சூட்டில் ஈரம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். மூடியில்லாத லென்ஸை ஜன்னலில் வெயிலுக்கு வைத்துவிட்டு ஆபீஸ் போனால் அது பூதக்கண்ணாடி வேலை செய்து திரைச்சீலையைப் பொசுக்கினாலும் பொசுக்கும். உள்ளே வந்த பூஞ்சையை எடுக்க லென்ஸைப் பிரிக்கவேண்டும், பிரித்ததை மறுபடி நேர்கோட்டில் பொருத்தவேண்டும். வீட்டில் ஸ்குரூடிரைவர் எடுக்காதீர்கள். நல்ல பழுதுபார்ப்பவரிடம் காட்டி முதலில் மதிப்பு கேளுங்கள். கேமராவோடு இலவசமாக வந்த 18-55 என்றால் கூலி பெரும்பாலும் லென்ஸ் விலையைத் தாண்டிவிடும். அதை அப்படியே உபயோகித்துத் தீர்த்துவிடலாம். உங்கள் 70-300-க்குச் செலவு செய்யலாம், நூல் இன்னும் ஓரத்தில்தான் இருக்கிறதென்றால்.

அடுத்து வியர்ப்பது. குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பின் வெளிப்புறம் வியர்க்குமே, அதேதான். கோத்தகிரியில் 12 டிகிரியில் கிடந்த கேமராவோடு பஸ் ஏறி மேட்டுப்பாளையத்தில் இறங்கி உடனே பையைத் திறந்தால் கண்ணாடி வெளுத்துவிடும். துடைத்தால் மறுபடி வெளுக்கும், துடைக்கத் துடைக்க ஈரத்தோடு தூசியும் சேர்ந்து அரையும். கிளம்பும் முன்பே கேமராவைக் காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு மூடுங்கள். கீழே போனபின் ஒன்று, ஒன்றரை மணி நேரம் திறக்காமல் விடுங்கள். வியர்வை கவருக்கு வெளியே வந்து போகும். மலை ஏறும்போதும் அஜாக்கிரதை கூடாது. கீழிருந்து அடைத்துக் கொண்டுவந்த புழுக்கமான காற்று பைக்குள்ளும் லென்ஸுக்குள்ளும் இருக்கும், குளிர்ந்ததும் அது உள்ளேயே படியும். கவருக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வைத்தால் கவலையில்லை. விடியற்காலை உறைபனி எடுத்துவிட்டு, வெந்நீர் கொதிக்கும் வீட்டுக்குள் நேராக நுழைவதும் இதே வகை. லென்ஸில் பனி ஒட்டியிருந்தால் சுரண்டாதீர்கள், கவருக்குள்ளேயே உருகிக் காயட்டும்.

வைக்கும் இடத்துக்குப் பெரிய செலவில்லை. முறுக்கு, அதிரசம் போட்டு வைப்போமே, ரப்பர் வளையம் உள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் பெரியதாக ஒன்று. உள்ளே சிலிக்கா ஜெல். கூடவே சின்ன ஈரப்பதமானி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கவேண்டும். 30-க்குக் கீழே விடாதீர்கள், ரப்பரும் மசகும் வறண்டுபோகும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி ஆரஞ்சாகும். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் உப்பு இருக்கும், அது நச்சு. சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்காதீர்கள். சிலர் ஜெல்லுக்குப் பதில் அரிசி போடுகிறார்கள். அரிசி ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, தவிட்டுத் தூளைத்தான் லென்ஸுக்குத் தரும்.

எங்கள் ஸ்டுடியோவில் மர அலமாரியின் அடித்தட்டில் 15 வாட் குண்டு பல்பு இரவும் பகலும் எரியும். அந்த இளஞ்சூட்டில் அலமாரிக்குள் ஈரப்பதம் இறங்கிவிடும். இன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு எல்.இ.டி. பல்பு போடுகிறார்கள். வெளிச்சம் வரும், சூடு வராது. பூஞ்சை விளக்கு வெளிச்சத்தில் சுகமாக வளரும். கையில் பணமிருந்தால் ஈரத்தைத் தானே குறைத்து வைக்கும் மின்சார டிரை கேபினெட் வாங்கிவிடுங்கள். கோத்தகிரியில் ஐந்தாறு வருடம் இருக்கப்போகிறவருக்கு அது அடுத்த லென்ஸைவிட முக்கியம்.

ஒன்று விட்டுப்போனது. லென்ஸோடு வந்த தோல் உறையும், பஞ்சு வைத்த கேமராப் பையும் வெளியே எடுத்துப் போவதற்கு மட்டும்தான். மழையில் நனைந்த பைக்குள் கேமராவை இரவு விட்டால் டப்பாவும் ஜெல்லும் வாங்கியது வீண். வீட்டுக்கு வந்ததும் கேமராவை வெளியே எடுங்கள், பையைக் கவிழ்த்துத் திறந்து அடுப்படிப் பக்கம் தொங்கவிடுங்கள். வெளிப்புற ஈரத்தைப் பருத்தித் துணியால் ஒற்றிவிட்டு, லென்ஸை அரைமணி நேரம் மேசைமேல் ஆறவிட்டு, அப்புறம் டப்பாவுக்குள் வையுங்கள். பூஞ்சை வந்த 70-300-க்கு மட்டும் இப்போதைக்குத் தனி டப்பா.